"நீங்களே பார்த்துப் போட்டுக் குடுங்க சார்": முதல் ஆர்டரிலேயே நாம் கோட்டை விடும் இடம்



ஜூலை மாசம்னா என் ஆபீஸ்ல ரிட்டர்ன் ஃபைலிங் கூட்டம் அலைமோதும். ரெண்டு வருஷம் முன்னாடி அப்படி ஒரு ஜூலைல கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி வந்தார். வயசு 28, மெக்கானிக்கல் இன்ஜினியர். "எட்டு மாசம் சொந்தமா தொழில் பண்ணேன் சார். சரிப்படல, திரும்ப வேலைக்குப் போயிட்டேன். அந்தக் கணக்கையும் சேர்த்து ஃபைல் பண்ணிடுங்க" என்றார்.

பம்ப் தயாரிக்கிற கம்பெனிகளுக்கு கம்ப்யூட்டர்ல டிராயிங் போட்டுக் கொடுக்கிற தொழில். பில் புக்கைப் பார்த்தேன். எட்டு மாசத்துல ஐந்து வேலை, மொத்தம் 2,90,000 ரூபாய்க்கு பில். புதுசா ஆரம்பிச்ச ஆளுக்கு மோசமில்லை. ஆனா கைக்கு வந்தது 1,30,000 மட்டும். மிச்சம் 1,60,000 வெளியில நிக்குது. அவர் வேலையில யாரும் குறை சொல்லல. பணம்தான் வரல.

"முதல் கஸ்டமர் ரேட் கேட்டப்போ என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் கூச்சமா சிரிச்சார். "நீங்களே பார்த்துப் போட்டுக் குடுங்க சார்னு சொன்னேன்." அவங்களும் பார்த்துப் போட்டாங்க. 40,000!

சிரிக்காதீங்க. நான் பிராக்டிஸ் ஆரம்பிச்சப்போ முதல் ஆடிட்டுக்கு ஃபீஸ் கேட்க எனக்கும் வாய் வரல. காய்கறி மார்க்கெட்ல அஞ்சு ரூபாய்க்குப் பேரம் பேசுற அம்மாவைப் பார்த்து வளர்ந்தவங்கதான் நாம. ஆனா வாங்கும்போது வர்ற பேச்சு, நம்ம உழைப்பை விற்கும்போது வர்றதில்ல. மாசம் பிறந்தா சம்பளம் தானா அக்கவுண்ட்ல விழுந்து பழகினவங்களுக்கு, பணத்தைக் கேட்டு வாங்குறதே ஒரு புது வேலை. அந்த வேலையை நாலு பாகமா இன்னைக்குப் படிக்கலாம். அந்தத் தம்பி கணக்கை வச்சே பார்ப்போம். (அவர் அனுமதியோடதான், சில அடையாளங்களை மாத்தியிருக்கேன்.)

1. பேசப் போகும் முன் உங்க அடி விலையைக் கண்டுபிடிங்க

அவர் மனசுல ஒரு கணக்கு இருந்துச்சு. கையில வாங்கின சம்பளம் 52,000. மாசம் 26 நாள். அப்போ ஒரு நாளைக்கு 2,000. அந்த முதல் வேலைக்கு 15 நாள் ஆகும்னா 30,000. கஸ்டமர் 40,000 குடுத்தா லாபம்தானே?

இங்கதான் தப்பு. சம்பளக்காரரா இருக்கும்போது கம்பெனி ஏத்துக்கிட்ட செலவெல்லாம் இப்போ உங்க தலையில. அவரோட உண்மையான மாசக் கணக்கு இது:

- வீட்டுக்குத் தேவைப்படும் பழைய சம்பளம்: 52,000
- சாஃப்ட்வேர் லைசென்ஸ், லேப்டாப் தேய்மானம், நெட், கரண்ட்: 9,000
- குடும்ப ஹெல்த் இன்சூரன்ஸ், கம்பெனி கட்டிவந்த பிஎஃப் பங்கு: 5,000
- பெட்ரோல், போன், கஸ்டமரைப் பார்க்கப் போகும் செலவு: 4,000
- மொத்தம்: 70,000

அடுத்தது நாள் கணக்கு. 26 நாளும் காசு வர்ற வேலை இருக்காது. கஸ்டமர் தேடணும், கொட்டேஷன் போடணும், பணம் வசூலிக்க அலையணும். பில் போடக்கூடிய நாள் மாசத்துக்கு 12 கிடைச்சாலே பெரிய விஷயம். 70,000-ஐ 12-ஆல வகுத்தா ஒரு நாளுக்கு சுமார் 5,850. பதினைந்து நாள் வேலைக்கு சுமார் 88,000. இதுதான் அடி விலை. இதுக்குக் கீழே போனா நீங்க கையில இருந்து காசு போட்டு வேலை செய்றீங்கன்னு அர்த்தம்.

அவர் 40,000-க்கு செஞ்சார். பாதி விலைகூட வரல.

2. போணி ரேட்டில் மாட்டிக்காதீங்க

"முதல் கஸ்டமர், போணியாகட்டும்னு குறைச்சேன் சார்." இது அவர் சொன்ன அடுத்த காரணம். தள்ளுவண்டிக்காரருக்கு போணி சரி. காலைல ஒருத்தருக்குக் குறைச்சுக் குடுத்தா, அடுத்து வர்றவருக்கு அது தெரியாது. நம்ம தொழில்ல அதே கஸ்டமர்தான் திரும்ப வருவார், "போன தடவை 40-க்கு செஞ்சீங்களே"ன்னு கேட்பார். அவர் அனுப்புற நண்பரும் அதே ரேட்டைத்தான் கேட்பார்.

முதல் ஆர்டருக்குக் குறைச்சே ஆகணும்னா, பில்லுல முழு ரேட்டைப் போட்டு, கீழே "முதல் ஆர்டர் சலுகை"ன்னு தனி வரியில கழிச்சுக் காட்டுங்க. சலுகை இந்த ஒரு தடவைக்குத்தான்னு அந்தக் காகிதமே பேசும்.

3. குறைக்கச் சொன்னா கொசுறு குடுங்க

காய்கறிக் கடை அக்காவைக் கவனிச்சிருக்கீங்களா? தக்காளி விலையில ரெண்டு ரூபாய் குறைக்க மாட்டாங்க. ஆனா ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில போடுவாங்க. அவங்களுக்கு அதுல செலவு கம்மி, நமக்கு சந்தோஷம் ஜாஸ்தி. விலையும் அப்படியே நிக்குது.

நம்ம கஸ்டமர் பேச்சும் இப்படிப் போகலாம். நீங்க 1,10,000 கொட்டேஷன் குடுத்திருக்கீங்கன்னு வைங்க.

"ரேட் ரொம்ப ஜாஸ்தியா இருக்கே தம்பி. 80-க்கு முடிச்சுக் குடுங்க."

"முழு வேலைக்கு 80 கட்டுப்படியாகாதுங்க சார். உங்க பட்ஜெட் 80தான்னா, அசெம்பிளி டிராயிங்கை மட்டும் இப்போ முடிச்சுடலாம். ஒவ்வொரு பார்ட்டோட டிராயிங்கை அடுத்த மாசம் தனியா எடுத்துக்கலாம்."

"இல்லப்பா, எல்லாம் சேர்ந்துதான் வேணும்."

"அப்படின்னா 1 லட்சத்துக்குப் பண்ணித் தர்றேன்ங்க சார், பாதி அட்வான்ஸா குடுத்துடுங்க. வேலை முடிஞ்சதும் உங்க ஒர்க்‌ஷாப் ஆளுங்களுக்கு அரை நாள் வந்து டிராயிங்கை விளக்கியும் குடுத்துடறேன்."

இங்க மூணு விஷயம் நடந்திருக்கு. விலை குறைஞ்சா வேலையும் குறையும்னு காட்டியாச்சு. 10,000 குறைச்சதுக்கு பதிலா அட்வான்ஸ் வாங்கியாச்சு. அரை நாள் விளக்கம் கொசுறா போயாச்சு. எதையும் சும்மா விட்டுக் குடுக்காதீங்க, ஒண்ணைக் குடுத்தா ஒண்ணை வாங்குங்க.

இன்னொண்ணு. ரேட்டைச் சொன்னதும் வாயை மூடிக்கோங்க. "ஆனா அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்"னு நாமளே அவசரப்பட்டு இழுக்கிறது நம்ம பெரிய வியாதி. அவர் பதில் சொல்ற வரைக்கும் அமைதியா இருங்க.

4. "எவ்வளவு" முடிஞ்சதும் "எப்போ"ன்னு பேசுங்க

அந்தத் தம்பியை திரும்ப வேலைக்கு அனுப்பினது குறைஞ்ச ரேட் மட்டும் இல்ல, லேட்டா வந்த பணமும்தான். 40,000 பில்லுக்கு வேலை முடிஞ்சு 110 நாள் கழிச்சுத்தான் செக் வந்துச்சு.

இதுல ஜிஎஸ்டி வேற. சேவைத் தொழிலுக்கு வருஷம் 20 லட்சம் வரைக்கும் பதிவு கட்டாயமில்ல. ஆனா கஸ்டமர் ஜிஎஸ்டி பில் கேட்டதால இவர் பதிவு பண்ணிட்டார். 40,000-க்கு 18 சதவீதம், 7,200 ரூபாய். பில் போட்ட அடுத்த மாசமே அதைக் கட்டியாகணும். கஸ்டமர் பணம் குடுத்தாரா இல்லையான்னு அரசாங்கம் பார்க்காது. வராத பணத்துக்கு இவர் சேமிப்புல இருந்து வரி கட்டினார்.

அதனால கொட்டேஷன்லயே இந்த நாலு வரியை எழுதுங்க:

- அட்வான்ஸ் எவ்வளவு. பாதி கேளுங்க, 30 சதவீதத்துக்குக் கீழே வேண்டாம். சேவைக்கு வாங்குற அட்வான்ஸுக்கும் ஜிஎஸ்டி உண்டு, அதையும் சேர்த்தே வாங்குங்க.
- மிச்சப் பணம் எந்தக் கட்டத்துல, எத்தனை நாள்ல வரணும்.
- எத்தனை தடவை திருத்தம் இலவசம். "சின்ன கரெக்‌ஷன்தான்"னு சொல்லிச் சொல்லியே அவரோட 15 நாள் வேலை 24 நாள் ஆச்சு.
- டிடிஎஸ் பிடிச்சா, ஜிஎஸ்டி சேர்க்காத தொகை மேல மட்டும் பிடிக்கணும். அந்தத் தொகை எங்கேயும் போகாது, ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம்.

அடுத்து உத்யம் பதிவு. ஆதாரும் பான் கார்டும் இருந்தா அரசு இணையதளத்துல இலவசமா பண்ணலாம். யாருக்கும் ஃபீஸ் குடுக்கத் தேவையில்ல. 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி, சிறு, குறு நிறுவனங்களுக்கான பணத்தை ஒப்பந்தத்துல சொன்ன நாளுக்குள்ள குடுக்கணும். அந்த நாளும் 45-ஐத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள். தாமதமானா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி.

2023-24 நிதியாண்டுல இருந்து இன்னொரு பிடியும் இருக்கு. வாங்கினவர் இந்த கெடுவுக்குள்ள பணம் குடுக்கலன்னா, அந்தச் செலவைப் பணம் குடுக்கிற வருஷத்துலதான் வருமான வரிக் கணக்குல கழிக்க முடியும். (வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது.) அதனால மார்ச் நெருங்கினாலே அவங்க அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட் உங்க மாதிரி ஆளுங்க பில்லைத் தேடும்.

இதை வச்சு யாரையும் மிரட்ட வேண்டாம், உறவு கெட்டுடும். பில்லுல உத்யம் நம்பரை அச்சடிச்சா போதும், அவங்க ஆடிட்டருக்குப் புரியும். ஆனா பதிவை வேலை எடுக்கும் முன்னாடியே பண்ணுங்க. நம்ம தம்பி பண்ணவே இல்ல.

"வேண்டாம்"னு சொல்ற தைரியம் எங்கிருந்து வரும்?

இவ்வளவும் படிச்சிட்டு, "வீட்டு வாடகைக்கே காசு இல்லாதப்போ எப்படி சார் பேரம் பேசுறது?"ன்னு கேட்பீங்க. சரியான கேள்வி.

ராஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-ல எழுதின "கெட்டிங் டு எஸ்" புத்தகத்துல சொல்ற முக்கியமான பாடம் இது: இந்த டீல் நடக்கலன்னா உங்க கையில வேற என்ன வழி இருக்கோ, அதுதான் உங்க பலம். சம்பளத்துல இருக்கிற உங்களுக்கு அந்த வழியை உருவாக்க இப்போதான் நேரம். ஆறு மாச வீட்டுச் செலவை ஒரு தனி எஃப்டியில போட்டு வைங்க. இஎம்ஐ இருந்தா அதையும் சேர்த்துக் கணக்கு போடுங்க. அந்தப் பணம் இருந்தா 88,000-க்குக் கீழே வர்ற வேலையை நீங்க நிதானமா மறுப்பீங்க. இல்லன்னா பேச்சே வராது.

வேலையில இருக்கும்போதே சின்னதா ஆர்டர் எடுத்துப் பார்க்கலாமான்னா, முதல்ல உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரைப் படிங்க. வேற வேலை பார்க்கக் கூடாதுன்னு பல கம்பெனி எழுதியிருக்கும்.

பழகுறதுக்கு ஆர்டரே தேவையில்ல. புது வீட்டு அட்வான்ஸ், வேலை மாறும்போது சேரும் தேதி, வருஷ இன்கிரிமென்ட், எல்லாமே பயிற்சிக்களம்தான். இந்த வாரம் ஒரே ஒரு இடத்துல வாயைத் திறந்து கேளுங்க. "முடியாது"ன்னு பதில் வந்தாலும் பரவாயில்ல. அந்த வார்த்தையைக் கேட்டுட்டு சாதாரணமா எழுந்து வர்றதும் பாடத்துல ஒரு பாகம்தான்.

அந்தத் தம்பி என்ன ஆனார்? நிலுவைப் பணத்தை ஒவ்வொரு கம்பெனியா எழுத்துல கேட்க வச்சோம். 1,60,000-ல 1,15,000 வந்துச்சு. 45,000 இன்னும் வரல, வரும்னு எனக்கு நம்பிக்கையும் இல்ல. போன மாசம் போன் பண்ணார். நாலு மாசச் செலவு சேர்த்துட்டாராம், இன்னும் ரெண்டு மாசம் பாக்கி. "இந்தத் தடவை கொட்டேஷனை உங்களுக்கு அனுப்பிட்டுத்தான் சார் கஸ்டமருக்கு அனுப்புவேன்" என்றார்.

நீங்களும் உங்க அடி விலையை இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. எழுதுறதுக்கு பத்து நிமிஷம் போதும். அடுத்த வீடியோல பார்ப்போம்.