எரிகிற வீட்டில் பிடுங்கியவர்கள்

"எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறர் துன்பத்தையே தம் வருவாயாக்கிக் கொள்வோரைக் குறித்து நம் முன்னோர் இவ்வாறு கூறினர். 2007ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டை இழக்கும் நிலையில் இருந்த குடும்பங்களுக்கு நேர்ந்ததை அறியும்போது இப்பழமொழியின் பொருள் நன்கு விளங்கும்.

நெருக்கடி தோன்றிய விதம்

அந்நாட்டில் பெரும்பாலோர் வாங்கும் வீட்டையே அடமானமாக வைத்து, 30 ஆண்டுத் தவணையில் கடன் பெறுவர். தவணை தவறினால் கடன் கொடுத்த நிறுவனம் வீட்டை ஏலத்தில் விற்றுவிடும். 2006 வரை வீட்டு விலை ஏறிக்கொண்டே இருந்ததால், போதிய வருமானம் இல்லாதவர்களுக்கும் கடன் தாராளமாக வழங்கப்பட்டது. அக்கடன்களுள் பல, முதல் 2 ஆண்டுகள் குறைந்த வட்டியும் பின்னர் கூடுதல் வட்டியும் உடையவை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2 இலட்சம் டாலர் கடனுக்கு 4 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 955 டாலர். 2 ஆண்டுகளுக்குப் பின் வட்டி 8 சதவீதமானால், அதே குடும்பம் மாதம் சுமார் 1,440 டாலர் கட்ட வேண்டும். வீட்டு விலையோ வீழ்ந்துவிட்டது. விற்றாலும் கடன் அடையாது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலான பின் பலர் வேலையும் இழந்தனர். 2010ஆம் ஆண்டில் மட்டும் 28 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஏல நடவடிக்கை அறிவிப்புகள் வந்தன.

மோசடியின் வகைகள்

இவ்வறிவிப்புகள் பொதுப் பதிவேடுகளில் இடம்பெறும். மோசடிக்காரர்கள் அவற்றிலிருந்தே பெயர், முகவரிகளைத் திரட்டி, "உங்கள் வீட்டை மீட்டுத் தருகிறோம்" என்று அணுகினர்.

1. முன்பணம்: கடன் நிறுவனத்துடன் பேசித் தவணையைக் குறைப்பதாகக் கூறி, ஆயிரக்கணக்கான டாலர் பெற்றுக்கொண்டு ஒன்றும் செய்யாமல் மறைவது.

2. பத்திர மாற்றம்: "வீட்டை எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுங்கள், வாடகைக்கு இருந்து பின்னர் திரும்ப வாங்கிக் கொள்ளலாம்" என்பது. வீடு கைமாறிவிடும், கடன் மட்டும் பழைய உரிமையாளர் தலையிலேயே நிற்கும்.

3. திவால் மனு: வீட்டுக்காரர் பெயரில், சில வேளை அவர் அறியாமலேயே, நீதிமன்றத்தில் மனுச் செய்வது. ஏலம் சிறிது காலம் நிற்கும். அதையே வெற்றி எனக் காட்டிப் பணம் பறிப்பர்.

"கடன் நிறுவனத்துடனோ வழக்கறிஞருடனோ பேசாதீர்கள்" என்பது இவர்கள் வழக்கமாகக் கூறிய அறிவுரை. அதை நம்பி வாய்மூடி இருந்த வாரங்களில் ஏலத் தேதி நெருங்கிவிட்டது.

ஏமாந்தது ஏன்?

அறியாமை மட்டும் காரணம் அன்று. வீடு போகிறதே என்ற அச்சமும், அக்கம்பக்கத்தார் அறிந்தால் தலைகுனிவு என்ற நாணமும் பலரை யாரிடமும் கேளாதிருக்கச் செய்தன. அரசு அங்கீகரித்த ஆலோசனை நிலையங்கள் இலவசமாகவே உதவின என்பதுதான் வருந்தத்தக்கது. 2009இல் தவணைக் குறைப்புக்கென அரசுத் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. அதற்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை. இலவசமாய்க் கிடைப்பதற்கே பலர் கடைசிச் சேமிப்பைக் கொடுத்தனர்.

சட்டம் பின்னரே வந்தது. 2009 அக்டோபரில் கலிபோர்னியா மாநிலம் இத்தகைய முன்பணத்தைத் தடை செய்தது. மத்திய வர்த்தக ஆணையம் 2010இல் வகுத்த விதியின்படி, கடன் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சலுகையைப் பெற்றுத் தந்து, அதை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்ட பின்னரே கட்டணம் வாங்கலாம். முன்பணத் தடை 2011 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்தது.

நாம் கற்கும் பாடம்

கடன்பட்டவர் முதலில் கடன் கொடுத்தவரிடமே பேச வேண்டும். உதவிக்கு முன்பணம் கேட்பவரையும், "யாரிடமும் சொல்லாதே" என்பவரையும் ஐயுற வேண்டும். வெற்றுத்தாளிலோ, படித்துப் பாராத பத்திரத்திலோ ஒருபோதும் கையெழுத்திடலாகாது.

தோழியரே, நம் பெற்றோர் ஒரு பத்திரத்தைக் கையிலெடுக்கும்போது, அருகிலமர்ந்து முழுவதும் வாசித்துக் காட்டுவோம். நாம் பெறும் கல்வி நம் இல்லத்துக்குச் செய்யும் முதற் காவல் அதுவேயாகும்.