இடது கால் கற்ற பாடம்



எங்கள் வீடு சுங்கை செம்பிலாங்கில் இருக்கிறது. ஜெராம் பக்கம், கடலோரக் கம்பம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ராத்திரி மணி இரண்டு இருக்கும், பாட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அப்பா செம்பனை ஆலையில் இரவு வேலை. மோட்டாரில் போயிருந்தார். வாசலில் எங்கள் பழைய கஞ்சில் காடி நின்றது. சாவி சுவரில் தொங்கியது. எண்ணெயும் இருந்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை. அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பி, அவர் வந்து, பாட்டியைத் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தோம். பாட்டி பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த அண்ணன் வருகிறவரை நான் காடிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை இன்றுவரை மறக்க முடியவில்லை. நான் பொறியியல் படிக்கிற பெண். எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று பரீட்சையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். வீட்டுக் காடியை ஓர் அடி நகர்த்தத் தெரியவில்லை!

அடுத்த வாரமே ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் பெயர் கொடுத்தேன். ஒன்றுமே தெரியாமல் போய்க் கற்றுக்கொண்டதை, உங்களில் இன்னும் ஆரம்பிக்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

படிகள் என்னென்ன?

காடி லைசென்ஸ் எடுக்க 17 வயது ஆகியிருக்க வேண்டும். முதலில் கேபிபி 01 வகுப்பு. இதைத்தான் நாம் 'உண்டாங்' என்கிறோம். பிறகு கணினியில் 50 கேள்விகள். 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. தமிழிலேயே எழுதலாம் என்பது பல பேருக்குத் தெரியாது. மலாய் வரவில்லையே என்று தயங்கும் அம்மாக்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அது முடிந்தால் 'எல்' உரிமம். அதை வைத்துக்கொண்டு, அனுமதி பெற்ற பயிற்றுநரோடு பயிற்சிக் காடியில்தான் பழக வேண்டும். "தோட்டத்து மண் ரோடுதானே, அப்பா காடியில பழகிக்கலாம்" என்று நினைக்காதீர்கள். பயிற்சி முடிந்து ஜேபிஜே தேர்வில் தேறினால் 'பி' உரிமம். இரண்டு வருஷத்துக்குக் காடியின் முன்னும் பின்னும் 'பி' ஒட்ட வேண்டும்.

கியர் மாற்றும் காடிக்கு 'டி' வகை, ஆட்டோ காடிக்கு மட்டும் 'டிஏ' வகை. 'டிஏ' எடுத்தவர் கியர் காடியைத் தொடக் கூடாது. எங்கள் கஞ்சில் கியர் காடி. அதனால் நான் 'டி' எடுத்தேன்.

ஏறுவதற்கு முன்னால்

முதல் நாள் என் பயிற்றுநர் அங்கிள் என்னை உள்ளே உட்கார விடவில்லை. காடியைச் சுற்றி நடக்கச் சொன்னார். நான்கு டயர்கள், கறுப்பு எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர், விளக்குகள், கடைசியில் பிரேக்.

ஆயுத பூசை அன்று டயருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். புதுக் காடி என்றால் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். நல்லதுதான். குனிந்து சந்தனம் வைக்கும்போதே டயரின் பள்ளத்தையும் பாருங்கள். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் அந்த டயர் சாலைக்கு ஆகாது. மழையில் சாலைக்கும் டயருக்கும் நடுவே நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான்.

உள்ளே உட்கார்ந்ததும் இருக்கை, கண்ணாடி, வார். கிளட்ச்சை முழுவதும் மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படி இருக்கையை நகர்த்துங்கள். மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்யுங்கள். எப்படிச் சரிசெய்தாலும் தெரியாத ஒரு மூலை இருக்கும். மோட்டார் வருவது அந்த மூலையில்தான். ஆகவே தடம் மாறும் முன் ஒரு தடவை கழுத்தைத் திருப்பிப் பாருங்கள்.

இடது கால்

புதிதாகப் பழகுகிறவரைப் பயமுறுத்துவது கிளட்ச்தான். நடப்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

காடி நிற்கும்போதும் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 800 தடவை சுற்றிக்கொண்டிருக்கிறது. சக்கரமோ சும்மா நிற்கிறது. சுற்றுவதையும் நிற்பதையும் எப்படி இணைப்பது? நடுவில் இரண்டு தட்டுகள். ஒன்று எஞ்சினோடு சுற்றும். இன்னொன்று கியர் வழியாகச் சக்கரத்தோடு சேர்ந்தது. கிளட்ச்சை மிதித்தால் தட்டுகள் பிரியும். காலை எடுக்க எடுக்க ஒன்றோடொன்று உரசி, மெல்ல ஒரே வேகத்துக்கு வந்து ஒட்டிக்கொள்ளும்.

காலைப் பட்டென்று எடுத்தால், நிற்கும் சக்கரம் சுற்றும் எஞ்சினைப் பிடித்து நிறுத்திவிடும். காடி ஒரு குதி குதித்துச் செத்துவிடும். மெதுவாக எடுத்தால் ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கும், காடி லேசாக அதிரும். தட்டுகள் பிடிக்கும் இடம் அதுதான். அங்கே காலை நிறுத்துங்கள். இரண்டு வினாடி பொறுங்கள். காடி தானாக நகரும். அப்புறம் மீதியை விடுங்கள்.

இவ்வளவும் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் என் இடது காலுக்குத் தெரியாதே! முதல் நாள் பதினொரு தடவை எஞ்சின் செத்தது. பின்னால் காத்திருந்த பையன்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கிள் மட்டும் அசையவில்லை.

"எஞ்சின் செத்தா சாகட்டும்மா. திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கலாம். இங்கயே நல்லா சாகடிச்சுப் பழகிக்க. மெயின் ரோட்டுல சாகடிக்காத."

புக்கிட்

தேர்வில் பல பேரைக் கவிழ்ப்பது மேடு. சரிவில் காடி நிற்கும்போது அதன் எடையே அதைப் பின்னால் இழுக்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து எண்ணெய் மிதிக்கும் அந்த நொடியில் பிடிக்க ஆள் இல்லை. அந்த நொடிக்குத்தான் கைப்பிரேக்.

வரிசை இதுதான். நிறுத்தி, கைப்பிரேக்கை இழுங்கள். முதல் கியர் போடுங்கள். கொஞ்சம் எண்ணெய் கொடுங்கள். கிளட்ச்சைப் பிடிக்கும் இடம் வரை விடுங்கள். சத்தம் இறங்கி, காடியின் முன்பக்கம் லேசாகத் தூக்கும். அப்போது மட்டும் கைப்பிரேக்கை விடுங்கள். அவசரப்பட்டு முதலிலேயே விட்டால் காடி பின்னால் உருளும்.

எனக்குத் தேர்வில் உருண்டது. ஃபெயில்.

கோப்பிக் காசு

அன்று மாலை தெரிந்த ஒருவர் சொன்னார்: "ஏன் கஷ்டப்படற? கொஞ்சம் மேல போட்டுக் குடுத்தா லேசா முடிஞ்சிடும்." உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. மறுபடி கட்டணம், மறுபடி லீவு, மறுபடி அந்த மேடு.

வீட்டில் சொன்னேன். அப்பா பேசவில்லை. பாட்டிதான் பேசினார்: "ஆபீசர ஏமாத்தலாம் ஆயி. எதிர்ல வர்ற லாரிய ஏமாத்த முடியுமா?"

லஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் 2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி குற்றம். ஆனால் அன்று என்னை நிறுத்தியது சட்டம் இல்லை, பாட்டியின் கேள்வி. நான் லைசென்ஸ் எடுக்கக் கிளம்பியதே பாட்டியைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டத்தானே? காசு கொடுத்தால் அட்டை கையில் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு, மழையில், மூச்சு வாங்கும் பாட்டியோடு ஒரு மேட்டில் நின்றால் அந்த அட்டை கிளட்ச்சை மிதிக்குமா?

மூன்று வாரம் கழித்து மறுபடி ஏறினேன். உருளவில்லை.

சாலையில் கண்

லைசென்ஸ் வந்த பிறகுதான் உண்மையான பாடம் ஆரம்பம். கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் நம் ஐந்தாம் எண் சாலை உங்களுக்குத் தெரியும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி, கம்பத்துச் சந்திலிருந்து விளக்கில்லாமல் வரும் மோட்டார், சில இடங்களில் மாடு. அங்கே உதவுவது தூரக் கணக்கு.

60 கிலோமீட்டர் வேகத்தில் காடி ஒரு வினாடிக்குச் சுமார் 17 மீட்டர் போகும். 90-இல் 25 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, 60-இல் மொத்தம் 45 மீட்டரில் நிற்கலாம். 90-இல் 80 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ இரண்டே கால் மடங்கு கூடிவிட்டது. மழை என்றால் இன்னும் நீளும். 60-இல் போகும்போது இரண்டு வினாடி கைப்பேசியைப் பார்த்தால், 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

சுலபமான வழி ஒன்று உண்டு. முன்னால் போகும் காடி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இரண்டு வினாடிக்குள் நீங்களும் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால், நெருங்கிவிட்டீர்கள். மழையில் நான்கு வினாடி விடுங்கள்.

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் 'பி2' லைசென்ஸ் 16 வயதிலேயே எடுக்கலாம். "கடைக்குத்தானே போறேன்" என்று லைசென்ஸும் தலைக்கவசமும் இல்லாமல் கிளம்பாதீர்கள். லாரிக்காரருக்கு நீங்கள் கடைக்குப் போகிறீர்களா, கோலாலம்பூருக்குப் போகிறீர்களா என்று தெரியாது.

இந்த வாரம் செய்யுங்கள்

1. வீட்டில் ஓட்டத் தெரியாதவர் யார் யார் என்று எண்ணுங்கள். ராத்திரியில் அவசரம் என்றால் யார் ஓட்டுவார் என்று கேளுங்கள்.
2. வீட்டுக் காடியின் நான்கு டயர்களையும் குனிந்து பாருங்கள்.
3. அடுத்த தடவை காடியில் பக்கத்தில் உட்காரும்போது கம்பத்தை வைத்து இரண்டு வினாடி எண்ணுங்கள். ஓட்டுகிறவர் நெருங்கிப் போனால் மரியாதையாகச் சொல்லுங்கள்.
4. லைசென்ஸ் இல்லாதவர் உண்டாங் வகுப்புக்குப் பெயர் கொடுங்கள்.

போன மாதம் பாட்டியை மருந்து வாங்க நானே கூட்டிப் போனேன். தஞ்சோங் காராங் வரை பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை, கம்பியைப் பிடித்தபடியே வந்தார். திரும்பும்போது தூங்கிவிட்டார். ஜேபிஜே அதிகாரி தேர்ச்சி என்று எழுதியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

சாவி இன்னும் அதே சுவரில்தான் தொங்குகிறது. அம்மா உண்டாங் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டார். தமிழில்தான் எழுதப் போகிறார்.