எஞ்சின் பிளாக்கின் டிரெய்ன் பிளக்: வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

மரக்காணம் வட்டாரத்தில் நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழைய கார் அல்லது வேன்தான் பிழைப்பு. அவசரமென்றால் நோயாளியைப் புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டு செல்வதும் அதே வண்டிதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாதி வழியில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஆகவே, பலரும் பார்த்தே இராத ஒரு சிறு பாகத்தைப் பற்றி இம்முறை எழுதுகிறோம்.

ஆயில் மாற்றும்போது அடியில் கழற்றும் பிளக் எல்லோருக்கும் தெரியும். நாம் சொல்வது அதுவல்ல. அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளில் எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், கீழாக, தண்ணீரை வடிப்பதற்கு மரையுள்ள பிளக்கோ சிறு குழாயோ இருக்கும். ரேடியேட்டரை மட்டும் திறந்துவிட்டால் பிளாக்கில் உள்ள தண்ணீர் முழுதும் வடியாது. துருச்சேறு அடியிலேயே தங்கும். (புதிய கார்கள் பலவற்றில் கீழ் ஹோஸைக் கழற்றியே வடிக்கிறார்கள்.)

உப்பளத்தை ஒட்டிய கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கம்தான் நம் பக்கத்துச் சிக்கல். உப்பு நீர் பட்டால் வார்ப்பிரும்பு பிளாக்கும் எஃகு பிளக்கும் துருவால் ஒன்றோடொன்று இறுகிவிடும். பிறகு திருகினால் தலை முறியும். எனவே வார்ப்பிரும்பு பிளாக்குக்குப் பித்தளை பிளக்கே நல்லது. அது மென்மையானது, மரை கெட்டாலும் பெரும்பாலும் பிளக்கோடு போகும், பிளாக் தப்பும். அலுமினிய பிளாக்குக்கு இது பொருந்தாது. அதற்குத் தயாரிப்பாளர் சொன்ன பிளக்கையே போட வேண்டும்.

மரை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கால் அங்குல பைப் மரையில் அமெரிக்க அளவுக்கு அங்குலத்துக்கு 18 மரை, பிரிட்டிஷ் அளவுக்கு 19. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாற்றிப் போட்டால் இரண்டு மூன்று சுற்று ஏறி இறுகும். சரியாக உட்கார்ந்துவிட்டது என்று தோன்றும். அதற்குமேல் ஸ்பேனரை அழுத்தினால் பிளாக்கின் மரை போய்விடும். அம்பாசிடர் ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த வண்டி என்பதை வைத்து ஊகிக்கவும் வேண்டாம். இடையில் யார் எதைப் போட்டார்களோ! பழைய பிளக்கையே கடைக்குக் கொண்டுபோய், மரையோடு மரை வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு வைக்கலாம். பொருத்தமான ஸ்பேனரால் முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். பிளக் வந்தும் தண்ணீர் வராவிட்டால் துருச்சேறு அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் பதமாகக் குத்திவிடுங்கள். தலை முறிந்தால் நீங்களே துளையிடாமல் லேத் பட்டறைக்காரரிடம் விடுவதுதான் லாபம்.

புதிய பிளக்கைக் கையாலேயே முதலில் ஏற்றுங்கள். நேர் மரையாக இருந்தால் புதிய செம்பு வாஷர் போடுங்கள். நுனி சிறுத்த மரைக்கு வாஷர் வேண்டாம். நுனி மரையை விட்டுவிட்டு, இறுக்கும் திசையிலேயே டெஃப்லான் டேப்பை இரண்டு மூன்று சுற்று சுற்றினால் போதும். இந்த வகைப் பிளக் ஆப்புபோல் இறங்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

பிறகு கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டருடன் கூலன்ட்டை டப்பாவில் குறித்த அளவில் கலந்து ஊற்றுங்கள். வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு. குர்பானிக்கு வளர்க்கும் ஆடும் நக்கும், தவழும் குழந்தையும் நக்கும். மூடியுள்ள கேனில் அடைத்து, பெயர் எழுதி, எட்டாத இடத்தில் வைத்து, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கேட்டு ஒப்படையுங்கள்.