இரைப்பையின் காவற்படலமும் புற்றுநோயும்

சிங்கப்பூரில் சைனாடவுனை அடுத்துள்ள அவுட்ரம் வட்டாரத்தில், முற்காலத்தில் இந்தியச் சிப்பாய்கள் தங்கியதால் 'சிப்பாய் லைன்ஸ்' எனப் பெயர் பெற்ற ஓரிடம் உண்டு. பொது மருத்துவமனை 1882 முதல் அங்குதான் இயங்கி வருகிறது. அதுவும் வேறு சில மருத்துவமனைகளும் 2004 முதல், 50 வயது நிரம்பிய ஏறத்தாழ 3,000 சீனரின் இரைப்பையைக் குழாய்க் கருவியால் பரிசோதித்துப் பல்லாண்டுகள் கவனித்து வந்தன. அவ்வாய்வு தரும் பாடம் நமக்கும் உரியதே.

உணவைச் செரிக்க இரைப்பை கடுமையான அமிலத்தைச் சுரக்கிறது. அவ்வமிலம் இரைப்பையையே அரித்துவிடாதது ஏன்? உட்சுவரின் உயிரணுக்கள் வழவழப்பான சளியைச் சுரந்து சுவர் முழுவதும் பூசுகின்றன. வெட்டிய பட்டையின்மேல் பால் உறைந்து காயத்தை மூடுவதுபோல, இப்படலம் சுவரைக் காக்கிறது.

எவ்வகைச் சளி சுரக்க வேண்டும் என்பது மரபணுக்களைப் பொறுத்தது. இரைப்பை உயிரணுவிலும் குடல் உயிரணுவிலும் இருப்பவை ஒரே மரபணுக்களே. ஆனால் எல்லாம் ஒருங்கே இயங்குவதில்லை. காலைப் பெரட்டில் கங்காணி இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துவிடுவதுபோல, சில புரதங்கள் மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் செய்கின்றன. இரைப்பையில் 'மக் 5ஏசி' என்னும் சளி மரபணு இயங்க வேண்டும். குடலுக்குரிய 'மக் 2' அடங்கியிருக்க வேண்டும்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி பல்லாண்டுகள் தங்கி அழற்சியை உண்டாக்கினால் இவ்வொழுங்கு குலைகிறது. குடலுக்குரிய 'சிடிஎக்ஸ் 2' என்னும் புரதம் இரைப்பையில் தலைகாட்டி, 'மக் 2'-ஐ இயக்கிவிடுகிறது. இரைப்பை உயிரணு குடல் உயிரணுபோல் மாறுகிறது. இம்மாற்றம் உடையோரில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. மாற்றம் பரவலாக இருந்தோருக்கே ஆபத்து மிகுதி என்று சிங்கப்பூர் ஆய்வு காட்டியது. தொடர்ந்து பரிசோதித்தமையால் நோய் தொடக்கத்திலேயே பிடிபட்டது.

இக்கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். மருத்துவர் தரும் மருந்துகளை முறையாக உட்கொண்டால் கிருமியை ஒழிக்கலாம்.

சீனரைவிட இந்தியரிடம் இப்புற்றுநோய் குறைவு என்பது உண்மை. ஆயினும் அலட்சியம் ஆகாது. புகைப்பதைக் கைவிடுக, உப்பிட்ட மீனைக் குறைத்துக்கொள்க. காரணமின்றி உடல் மெலிதல், மலம் கறுத்துப் போதல், இரத்த வாந்தி, சிறிது உண்டதும் வயிறு நிறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினும், வயிற்றெரிச்சல் என்று கடை மாத்திரையை விழுங்கி நாளைக் கடத்தாமல், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.