மழையில் தொங்கும் விளக்குப் பட்டைகள்

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் வீட்டுத் தாழ்வாரத்திலும் கோயில் முகப்பிலும் ஏற்றப்படும் எல்.ஈ.டி. விளக்குப் பட்டைகள், திருநாள் முடிந்த பின்னும் இறக்கப்படுவதில்லை. பொங்கல் வரட்டும், தைப்பூசம் வரட்டும் என்று விட்டு வைக்கிறோம். அதற்குள் தோட்டத்துக் கோயில் திருவிழா நெருங்கிவிடுகிறது. இப்படியே ஓராண்டு, ஈராண்டு என அவை வெயிலிலும் மழையிலும் தொங்குகின்றன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்து இயந்திரம் ஓடிய சில மணி நேரம் மட்டுமே லயங்களில் விளக்கெரிந்த காலத்தை நம் முதியோர் அறிவர். வாசல் ஒளியாக இருக்க வேண்டுமென அவர்கள் விரும்புவது இயல்பே. எனினும், அப்பட்டை நம் நாட்டு மழையைத் தாங்கும் விதத்தில் கட்டப்பட்டுள்ளதா என்பதைப் பார்ப்பவர் மிகச் சிலர்.

நாம் விளக்கேற்றும் காலமே மழைக்காலமாக அமைந்துள்ளது. மேற்குக் கரை மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் பருவக்காற்று திசை மாறும் காலம். பிற்பகலில் இடியுடன் கனமழை கொட்டும். கிழக்குக் கரையிலோ நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். இம்மழையை முழுவதும் அடைத்து நிறுத்திவிடலாம் என்று எண்ணிப் பலர் பிளாஸ்டிக் பையாலும் கறுப்பு ஒட்டு நாடாவாலும் இணைப்புகளை இறுகச் சுற்றி வைக்கின்றனர். நாடாவின் பசை வெயிலில் இளகிவிடுகிறது. உள்ளே புகுந்த நீர் பின்னர் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடுகிறது. சுற்றாமலே விட்டிருந்தால் அது காய்ந்திருக்கும்.

பால் வெட்டும் நம் தொழிலாளருக்கு இதை விளக்கிக் கூற வேண்டியதில்லை. மரத்தில் வெட்டுக்கு மேலே தார்ப்பசையிட்டு ஒட்டப்படும் மழைப் பாவாடை என்ன செய்கிறது? மழையை அது நிறுத்துவதில்லை. பட்டை வழியே இறங்கும் நீரைத் திருப்பி, வெட்டிலும் கோப்பையிலும் விழாமல் அப்பால் சொட்டச் செய்கிறது. விளக்குப் பட்டைக்கும் இதுவே வழி. நீர் தானே வழிந்து போகுமாறு அமைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஆபத்து எங்கே உள்ளது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஏறத்தாழ 230 வோல்ட். அடாப்டர் அதனை 12 அல்லது 24 வோல்ட்டாகக் குறைத்துப் பட்டைக்கு அனுப்புகிறது. பட்டையில் நீர் புகுந்தால் பெரும்பாலும் விளக்குதான் கெடும். பிளக்கிலும் அடாப்டரிலும் நீர் புகுந்தாலோ உயிருக்கே கேடு. கோயிலில் நாம் வெறுங்காலுடன் நிற்கிறோம். சிமெண்டுத் தரை ஈரமாக இருக்கிறது. கையருகில் இரும்புக் கம்பி வேலி, தலைக்குமேல் தகரக் கூரை. காப்புரை உரிந்த ஒரு வயர் அத்தகரத்தில் உரசினால் கூரை முழுவதிலும் மின்சாரம் பாயக்கூடும். ஆகவே, 230 வோல்ட் ஓடும் எந்த இணைப்பும் கூரைக்கு வெளியே வரக்கூடாது. நீட்டிப்பு வயரை வாசலில் இழுத்து, மழையில் அதன் துளைப் பலகையைத் தரையில் கிடத்தும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

கடைகளில் அடாப்டரே இல்லாமல், நேராகச் சுவரில் செருகும் பட்டைகளும் சுருள் சுருளாக விற்கப்படுகின்றன. மலிவாகக் கிடைப்பதால் மக்கள் அவற்றை விரும்பி வாங்குகின்றனர். அவற்றின் நுனி வரை 230 வோல்ட் ஓடுகிறது என்பதை மறக்கலாகாது. அதனை வெட்டி, முனையை மூடாமல் தகரத்தின்மேல் போடுவது கொடிய செயல். ஆண்டு முழுதும் வெளியே இருக்க வேண்டிய பட்டையாயின், 12 அல்லது 24 வோல்ட் வகையையே வாங்க வேண்டுமென்பது நம் கருத்து. அடாப்டரிலும் பிளக்கிலும் சிரிம் முத்திரை உள்ளதா என்றும் பார்த்து வாங்குக.

பெட்டியின்மேல் ஐ.பி. என்ற எழுத்துகளும் இரண்டு எண்களும் இருக்கும். முதல் எண் தூசியையும் இரண்டாவது எண் நீரையும் குறிக்கும். ஐ.பி. 20 வீட்டுக்குள் மட்டுமே ஏற்றது. அதற்கு நீர்க்காப்பு கிடையாது. ஐ.பி. 65 பீய்ச்சும் நீரைத் தாங்கும். ஐ.பி. 67 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாதது. தாழ்வாரத்துக்கு 65 போதும். மழை நேராக அடிக்கும் கோயில் முகப்புக்கு 67 நலம். ஆயினும், இவ்வெண்கள் புதிய பட்டையைச் சோதித்து இடப்பட்டவை. பல ஆண்டு வெயிலை அச்சோதனை கணக்கில் கொள்வதில்லை. மேலும், பட்டையைக் கத்தரித்த அந்த நொடியே அந்த எண் செல்லாததாகிவிடும்.

ஏனெனில், நீர் நுழைவது பெரும்பாலும் வெட்டிய முனையில்தான். ஒரே நிறம் தரும் 12 வோல்ட் பட்டையில் பொதுவாக மூன்று விளக்குக்கு ஒருமுறை வெட்டுக்குறி இருக்கும்; அங்கே செம்பு வெளியே தெரியும். ஈரம் பட்ட நிலையில் மின்சாரமும் ஓடினால், நேர்மின் பக்கத்துச் செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து பச்சைக் களிம்பாகிவிடும். நடுவில் சில விளக்குகள் மட்டும் அணைந்து கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெட்டிய முனையில் சிலிக்கோன் பசையிட்டு, அதன்மேல் மூடியைப் பொருத்தி, ஒரு நாள் முழுவதும் காயவிட வேண்டும். பசையிலும் இருவகை உண்டு. பிதுக்கியதும் காடியின் புளித்த நெடி அடித்தால் அது அமிலம் கக்கும் வகை, செம்பை அரிக்கும். பாலை உறைய வைக்கும் ஸ்டோரில் அமில நெடிக்குப் பழகிய மூக்கு இதை எளிதில் கண்டுகொள்ளும். நெடியற்ற நடுநிலைப் பசையே வேண்டுமென்று கடையில் கேட்டு வாங்குக.

இனி வயரைக் கொண்டுசெல்லும் முறை. மேலிருந்து இறங்கும் வயரை நேராக அடாப்டர்ப் பெட்டிக்குள் விட்டால் நீரும் அதனுடன் உள்ளே வரும். வயரைப் பெட்டிக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு, வளைத்து மேலேற்றி, பெட்டியின் அடிப்பக்கமாக நுழைக்க வேண்டும். நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். பெட்டி கூரைக்கடியில், கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும். அதையும் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டாம்: பகலில் சூடேறி இரவில் குளிரும்போது உள்ளேயே நீர் வியர்க்கும், அடாப்டரும் வெந்துவிடும். அடியில் சிறு துளையிட்டு, எறும்பும் பல்லியும் நுழையாதபடி நுண்ணிய கம்பிவலை ஒட்டினால் போதும். அடாப்டரின் ஆற்றல் சற்று மிகுந்திருக்க வேண்டும். மீட்டருக்கு 14.4 வாட் கொள்ளும் பட்டை ஐந்து மீட்டர் இருந்தால் 72 வாட் ஆகிறது. அதற்கு 90 அல்லது 100 வாட் அடாப்டர் பொருத்துவது நன்று.

பட்டையின் பின்புறப் பசையை நம்புவதில் பயனில்லை. பலகையில் ஒட்டியது சில மாதங்களில் உரிந்து தொங்கும். தன் எடையால் இணைப்பையும் இழுத்துப் பிரிக்கும். அரையடிக்கு ஒரு பிடிப்பான் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் கட்டுநார் பயன்படுத்தினால், வெயிலைத் தாங்கும் கறுப்பு வகையே சிறந்தது.

இத்தனைக்குப் பிறகும் நீர் புகக்கூடும். அப்போது உயிர்காப்பது, மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. கருவியே. அது 30 மில்லி ஆம்பியர் வகையாக இருக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் மின்சாரம் நிற்கவில்லையாயின், அன்றே பதிவு பெற்ற வயர்மேனை அழைப்பது அவசியம். கோயில் குழுவினர் இதனைத் திருவிழாவுக்கு முன் தவறாது செய்ய வேண்டும். இடி முழக்கம் தொலைவில் கேட்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடுவதும் நல்லது. மின்னல் தலைக்குமேல் வந்த பின் அதனருகே போக வேண்டாம்.

ஆண்டுக்கொருமுறை, அடுத்த தீபாவளிக்கு முன், மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பட்டை முழுவதையும் கையால் தடவிப் பார்க்கலாம். மேலுறை மஞ்சளாகி, விறைத்து, வளைத்தால் வெடிக்குமாயின் அது வெளியே தொங்கும் தகுதியை இழந்துவிட்டது. பசை பூசி ஒட்டுப்போடுவது வீண். களிம்பேறாத பகுதிகள் இருந்தால் வெட்டுக்குறியில் கத்தரித்துச் சாமி மேடைக்கோ சமையற்கட்டுக்கோ வைத்துக்கொள்ளலாம். அங்கே மழை வராது.