இஸ்ஸா, ஆரா? பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லித்தரும் வீடுகளுக்கு

1. 'பத்துத் தோணி வந்தது' என்று தூத்துக்குடியில் எல்லோரும் தயங்காமல் சொல்வோம். தமிழில் அஃறிணைப் பெயர் 'கள்' இல்லாமலே பன்மையாகும். பேச்சில் வினையும் மாறாது. அந்தப் பழக்கத்தில் பிள்ளை 'டென் போட்ஸ் இஸ் கமிங்' என்று எழுதினால் திட்டாதீர்கள். காரணத்தைச் சொல்லி 'ஆர்' போட வையுங்கள்.

2. பெயரில் 'எஸ்' ஏறினால் பன்மை, வினையில் ஏறினால் ஒருமை: 'தி போட் கம்ஸ்', 'தி போட்ஸ் கம்'. பெரும்பாலும் இரண்டில் ஒன்றுக்குத்தான் 'எஸ்'. 'ஐ', 'யூ' இரண்டோடும் வினைக்கு 'எஸ்' வராது. 'கேம்' என்று இறந்தகாலம் ஆகிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. 'வாஸ்', 'வேர்' மட்டும் விலக்கு.

3. அதிகம் தவறுவது இங்கேதான். 'எ ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ்' என்பதில் முத்து நூறு இருக்கலாம். எழுவாய் சரம், அது ஒன்று. ஆகவே 'இஸ்'. 'ஆஃப்' தொடங்கி வருவதை விரலால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 'ஒன் ஆஃப் தி ஷிப்ஸ் இஸ்' என்பதும் அப்படியே விளங்கும். 'எ நம்பர் ஆஃப் ஷிப்ஸ்' வந்தால் மட்டும் விரலை எடுத்துவிடுங்கள், அங்கே 'ஆர்'. 'தி நம்பர் ஆஃப் ஷிப்ஸ்' என்றால் மறுபடி 'இஸ்'.

4. உப்பளத்தில் எவ்வளவு குவிந்தாலும் 'சால்ட் இஸ்'. மூட்டையாகக் கட்டிவிட்டால் 'பேக்ஸ் ஆஃப் சால்ட் ஆர்'. 'ஃபிஷ்' நம் மீனைப் போலவே: 'திஸ் ஃபிஷ் இஸ்', 'தீஸ் ஃபிஷ் ஆர்'.

5. 'அப்பா வருகிறார்' என்ற மரியாதை இங்கிலீஷ் வினையில் இல்லை. 'மை ஃபாதர் வொர்க்ஸ் இன் தி ஹார்பர்' என்பதே சரி. 'டீச்சர் ஆர் கமிங்' வேண்டாம்.

6. 'அண்ட்' இரண்டு பெயரைச் சேர்த்தால் பன்மை. வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஒன்று, அதற்கு 'வாஸ்'. அதன் கப்பல்கள் 'காலியா அண்ட் லாவோ', அவற்றுக்கு 'வேர்'.

7. பிள்ளை சலித்துக்கொண்டால் புன்னைக்காயல் அண்டிரிக் அடிகளாரைப் பற்றிச் சொல்லுங்கள். போர்ச்சுக்கலிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்து, நம் வினைமுற்றுகளைக் கற்று, தமிழுக்குத் தம் மொழியில் இலக்கணமே எழுதினார். 1578-ல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் மொழிபெயர்த்தது. கதை முடிந்ததும் மீன் கூடையைக் காட்டி ஐந்து வாக்கியம் கேளுங்கள்.