இரவில் திறந்த பாடசாலை



இம்முறை நாம் படிப்பது அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் வேலை செய்த ஜெஃப்ரி கனடா பற்றி. கனடா என்பது அவருடைய பெயர்தான், நாடு இல்லை!

1952இல் பிறந்தவர். தகப்பன் துணை இல்லாமல் தாய் தனியாகவே நாலு ஆம்பிளைப் பிள்ளைகளையும் வளர்த்தாங்க. சவுத் பிரொங்ஸ் என்ற அந்தப் பகுதியில் அடிதடிக்குக் குறைவில்லை. ஒருநாள் அண்ணனின் ஜக்கெட்டை விளையாடுமிடத்தில் ஒரு பையன் பறித்துவிட்டான். தாய் என்ன செய்தாங்க? "போய் வாங்கிட்டு வாங்க" என்று மூத்த பிள்ளைகள் இருவரையும் திருப்பி அனுப்பினாங்க. 1995இல் வெளியான தன் புத்தகத்தில் இதை அவரே எழுதியிருக்கிறார். அந்தத் தாயைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

படித்து முடித்தவர், 1983இல் பாடசாலைக்கு வராத பிள்ளைகளைக் கவனிக்கும் ஒரு நலன்புரி நிறுவனத்தில் சேர்ந்தார். 1990இல் அதற்குத் தலைவரானார். மறுவருடமே ஹார்லம் பகுதியில், நகர நிர்வாகத்தின் உதவியோடு, ஒரு பாடசாலைக் கட்டிடத்தைப் பின்னேரத்திலும் சனி ஞாயிறிலும் திறந்து வைத்தார்கள். புதுக் கட்டிடம் இல்லை, இருந்ததுதான். பிள்ளைகளுக்கு விளையாட்டு, வீட்டுப்பாடம், பெரியவர்களுக்கும் இடம். தெருவில் நின்ற பிள்ளைக்குப் போக ஓர் இடம் கிடைத்தது. சண்டையைப் பேசித் தீர்க்க இளைஞர்களைப் பழக்கி, சின்னவர்களோடு விட்டார்கள்.

நாலு பக்கமும் தெரு சூழ்ந்த வீட்டுத் தொகுதியை அங்கே 'புளொக்' என்பார்கள். 1997இல் 24 புளொக்குகளில் தொடங்கிய திட்டம், பிறகு நூறு புளொக் வரை போனது. கைக்குழந்தை உள்ள பெற்றோருக்கும் வகுப்பு வைத்தார்கள். 2014இல் அவர் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தார்.

கூடிப் பேச: நம்ம பாடசாலை எத்தனை மணிக்குப் பூட்டுறாங்க? அதுக்குப் பிறகு பிள்ளைகள் எங்கே நிற்கிறாங்க?